பழைய தூண்டில் கோல்: துடைத்து வைப்பதா, பழுது பார்ப்பதா, உரித்துப் புதுப்பிப்பதா?

மாமா காலமாகி ஒரு வருடம் கழித்து அவருடைய பரணை ஒழித்தபோது நீளமான ஒரு துணிப்பை கிடைத்தது. உள்ளே மூங்கில் தூண்டில் கோல், மூன்று துண்டுகளாக, கூடவே உபரியாக இன்னொரு நுனித் துண்டு. நாடாவை அவிழ்த்ததுமே பழைய வார்னிஷ் வாசனை வந்தது. நுனிப்பக்கம், தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களில் ஒன்றைக் கட்டியிருந்த நூல் பிரிந்து சுருளாகத் தொங்கியது, இன்னும் இரண்டு வளையங்களில் துரு, தக்கைப் பிடியில் அவர் கட்டைவிரலை வைத்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து கறுத்திருந்தது.

"எல்லாத்தையும் சுரண்டிட்டுப் புதுசா வார்னிஷ் அடிச்சிடு, பளபளன்னு ஆயிடும்" என்றார் வீட்டில் ஒருவர். மீன்பிடிக்கிற நண்பர் ஒருவர், கையே வைக்காமல் சுவரில் மாட்டச் சொன்னார். இன்னொருவர், இதற்கு ஆகிற நேரத்தில் புதுக் கார்பன் கோல் ஒன்று வாங்கிவிடலாமே என்றார். மூன்றுமே நியாயமான யோசனைகள்தான், ஆனால் மூன்று பேரும் கோலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சொன்னவை. இதற்கு முன் ஒரு ஃபைபர் கிளாஸ் கோல், ஒரு கார்பன் கோல், ஒரு சாதாரண மூங்கில் கோல் என்று மூன்றில் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்று மிக நன்றாக வந்தது, ஒன்று தண்ணீர்க் கரையில் உடைந்தது, ஒன்றில் திரும்பக் கிடைக்காத ஒன்றை அழித்துவிட்டேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒரு கேள்வி. அந்தக் கோலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? மீன்பிடிக்கவா, நினைவாக வைத்துக்கொள்ளவா, விற்கவா? இதற்குப் பதில் இல்லாமல் உப்புத்தாளை எடுத்தால் எந்த வேலையும் பாதியில் நிற்கும். மீன்பிடிக்க என்றால் வலுதான் முக்கியம், அழகு அப்புறம். நினைவுக்கு என்றால் அந்த மனிதரின் கைபட்ட தடம் முக்கியம். விற்க என்றால் அந்தக் கோலைச் செய்தவர் விட்ட நிலையிலிருந்து எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பதுதான் விலை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதும். கறுத்த பிடியைத் தேய்த்து வெளுப்பாக்கினால் பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் மாமாவின் கட்டைவிரல் போய்விடும்.

அடுத்தது, கோல் எதனால் ஆனது. கோலை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஆறு முனைகள் விரலில் தட்டுப்பட்டால் அது பிளாச்சு மூங்கில், அதாவது ஆறு நீளப் பிளாச்சுகளை முக்கோணமாகச் சீவி ஒட்டிச் செய்தது. ஒவ்வொரு பிளாச்சின் உள்முனையும் 60 பாகை, ஆறும் சேர்ந்தால் வட்டம் நிறைகிறது. உருண்டையாக, கனமாக, உடைந்த இடத்தில் வெள்ளையாக நார் தெரிந்தால் ஃபைபர் கிளாஸ். உருண்டையாக, மெலிதாக, உடைந்த இடம் கரியாக இருந்தால் கார்பன். பெயிண்ட் அடித்திருந்தால் அடிப்பகுதித் துண்டின் வாயை உள்ளே எட்டிப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் உண்மை நிறம் தெரியும்.

மூங்கில் கோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு அதிகம் கெடுக்கப்படுவது அதுதான். ஆறு பிளாச்சுக் கோலை எந்திரத்தில் சீவிப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தவர் அமெரிக்காவில் ஹைரம் லெனார்ட், 1870-களில். தொடக்கத்தில் கல்கத்தா மூங்கில் என்று நம் பக்கத்து மூங்கிலைத்தான் வாங்கினார்கள், பிறகு டோங்கின் மூங்கிலுக்கு மாறினார்கள். டோங்கின் என்பது வட வியட்நாமின் பழைய பெயர் என்றாலும் அந்த மூங்கில் வளர்வது சீனாவின் குவாங்டாங் பகுதியில். அந்த மூங்கிலின் வலுவான நார்களெல்லாம் வெளித்தோலுக்கு அடியில்தான் நெருக்கமாக இருக்கின்றன, உள்ளே போகப் போக வெறும் சோறு. அதனால்தான் பிளாச்சுகளை ஒட்டும்போது தோல் வெளியே இருக்கும்படி ஒட்டுகிறார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், மூங்கில் கோலின் தட்டையான பக்கங்களை உப்புத்தாளால் தேய்ப்பது ஏன் கூடாது என்பது புரிந்துவிடும். நாம் தேய்த்து எடுக்கிற அந்த மஞ்சள் தூள் வெறும் அழுக்கும் வார்னிஷும் மட்டும் அல்ல, கோலின் வலுவும் அதில் போகிறது.

ஃபைபர் கிளாஸ் வந்தது 1940-களின் பிற்பகுதியில். 1950-இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை போட்டது, டோங்கின் மூங்கில் வரத்து நின்றது, ஃபைபர் கிளாஸ் கோல் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. கனம், ஆனால் பொறுமையான பொருள். வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு சுண்ணாம்பு போல வெளுத்து நார் எட்டிப் பார்க்கும், கையில் குத்தி அரிக்கும், அவ்வளவுதான். முதன்முதலாக ஒரு கோலைச் சரிசெய்ய நினைப்பவருக்கு இதைத்தான் சொல்வேன், தயங்காமல் இறங்கலாம். கார்பன் வேறு ரகம். 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வலுவான கார்பன் ஃபைபர் செய்யும் முறை உருவானது, 1970-களின் தொடக்கத்தில் அது தூண்டில் கோலுக்கு வந்தது. எடை மிகக் குறைவு, விறைப்பு அதிகம், ஆனால் மேலே ஒரு சின்னக் கீறலோ எதிலோ இடித்த அடியோ இருந்தால் அந்த இடத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒடியும்.

சரி, பொருள் தெரிந்துவிட்டது. இப்போது நிலைமை. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள்.

கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு எல்லாப் பக்கமும் சுற்றி இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலாக இருந்தாலும் ஒரு இழை அதில் சிக்கி நின்றுவிடும். அந்த விரிசல்தான் மீன் இழுக்கும்போது நரம்பை அறுக்கும். பின்னல் நரம்பு போட்டு ஓட்டிய பழைய உலோக வளையங்களில் நுனி வளையத்தைக் குறிப்பாகப் பாருங்கள், அடிப்பக்கம் மெல்லிய வாய்க்கால் மாதிரி அறுபட்டிருக்கும், நகத்தை வைத்தால் தட்டுப்படும். அப்புறம் துண்டுகளைப் பொருத்தி, துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல் அடியிலிருந்து நுனிக்குக் கண்ணை ஓட்டுங்கள். மூங்கில் என்றால் லேசாக ஒரு பக்கம் வளைந்திருக்கலாம். பிறகு துண்டுகளைக் கழற்றுங்கள். நல்ல உலோக இணைப்பு என்றால் கழலும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், புட்டியின் மூடியைத் திறந்த மாதிரி. சத்தமே வராமல் வழுக்கிக்கொண்டு வந்தால் இணைப்பு தேய்ந்துவிட்டது.

மூங்கிலுக்கு இன்னொரு சோதனை, பசை. பழைய கோல்களில் பிளாச்சுகளை ஒட்டியது தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய வஜ்ஜிரம். ஈரம் ஏறினாலும் சூடு பட்டாலும் அது இளகும். கோலை நகத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நன்றாக ஒட்டிய இடத்தில் கணீர் என்றும், பிளாச்சு பிரிந்த இடத்தில் பொத்தென்றும் கேட்கும். லேசாக முறுக்கிப் பார்த்தால் பிரிந்த இடத்தில் கோடு வாய் திறக்கும். மாமாவின் கோலில் நடுத் துண்டின் மேல்பகுதியில் இரண்டு அங்குல நீளத்துக்கு அந்தச் சத்தம் மாறியது. மனசு கொஞ்சம் சோர்ந்தது, ஆனால் அது தெரிந்ததும் நல்லதுதான், இல்லாவிட்டால் வளையத்தை மட்டும் கட்டிவிட்டு நேரே தண்ணீர்க் கரைக்குப் போயிருப்பேன்.

இனி வழிகள்.

ஒன்றும் செய்யாமல் துடைத்து வைப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தவர் பெயர் பொறித்த நல்ல கோல், வார்னிஷ் முக்கால்வாசி நன்றாக இருக்கிறது, நீங்கள் அதை வைத்து மீன்பிடிக்கப் போவதும் இல்லை என்றால் இதுதான் சரியான முடிவு. லெனார்ட், பெய்ன் போன்ற பெயர்களோ, 1872-இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனத்தின் பலகோனா என்ற பெயரோ அடிப்பகுதியில் தெரிந்தால், உடனே கீழே வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். துடைப்பதற்கு ஈரம் பிழிந்த துணி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, உடனே உலர்ந்த துணி, போதும். உலோக இணைப்பில் பச்சைக் களிம்பு இருந்தால் மிக மெல்லிய இரும்பு நாரால் உள்ளே நுழைகிற ஆண் பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம், தேய்ந்தால் தளர்ந்துவிடும். எண்ணெயும் கிரீஸும் இணைப்பில் போடாதீர்கள், அது தூசியைப் பிடித்துவைத்துக் கெட்டியாகி ஒரு நாள் கழலாமல் இறுகிவிடும். அப்படி இறுகிப்போன இணைப்பு என்றால் முறுக்கக் கூடாது, மூங்கில் பிளந்துகொள்ளும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று நேராக இழுக்க வேண்டும், ஆண் பக்கத்தைப் பனிக்கட்டியால் குளிர வைத்தால் அது சுருங்கி வழிவிடும்.

துடைத்ததைத் துணிப்பையில் போட்டு நேராகத் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும். ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு மூடினால் வார்னிஷ் கொப்பளிக்கும், பூஞ்சை பிடிக்கும். பழைய கோல்கள் பல கெட்டுப்போனது மீன் இழுத்து அல்ல, இப்படி வைத்ததில்.

அடுத்தது தேவையானதை மட்டும் பழுது பார்ப்பது. என் மனம் இதில்தான் நிற்கிறது, அதனால் சற்று நேரம் இங்கே இருக்கிறேன். பழைய கோல்களில் மீன்பிடிக்கத் தடையாக இருப்பது பெரும்பாலும் மூன்று நான்கு சின்ன விஷயங்கள்தான். நுனி வளையம் தேய்ந்திருக்கும், இரண்டு வளையங்களின் கட்டு அவிழ்ந்திருக்கும், பிடியில் பள்ளம் விழுந்திருக்கும், ரீல் உட்காருகிற இடம் ஆடும். இவற்றைச் சரிசெய்ய மொத்தக் கோலையும் உரிக்க வேண்டியதில்லை.

நுனி வளையம் பெரும்பாலும் சூட்டில் இளகும் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். உலோகக் குழலை மட்டும் லேசாகச் சூடாக்கி, குறடால் நேராக இழுத்தால் வந்துவிடும். கோலின் மேல் தீ படக் கூடாது, கார்பனிலும் மூங்கிலிலும் அது உள்ளிருக்கும் பசையைக் கெடுக்கும். நுனி ஒடிந்திருந்தால் ஒடிந்த இடத்தைச் சமமாக அறுத்து, அந்தத் தடிமனுக்கு ஏற்ற குழல் உள்ள வளையம் போட்டுவிடலாம். அந்தக் குழல்களை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கிறார்கள், ஆகவே அளவு எடுக்காமல் வாங்காதீர்கள். இரண்டு மூன்று அங்குலம் குறைவதால் நுனி கொஞ்சம் விறைக்கும், மீன்பிடிக்க அது பெரிய குறையில்லை.

வளையம் கட்டுவது கையால் செய்கிற வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது. கோலின் மேல் படிந்து உட்காருகிற வளையத்தின் காலை முதலில் அரத்தால் மெலிதாகச் சீவ வேண்டும், நூல் கோலிலிருந்து காலின் மேல் ஏறும்போது படியில்லாமல் ஏற வேண்டும், அடியில் பிசிறு இருந்தால் அது கோலைத் தோண்டும். நூல் உருண்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு, நூலை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு இழுத்தால் இறுக்கம் சீராக வரும். காலின் முனைக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கி, முதல் ஐந்தாறு சுற்றுகள் நூலின் நுனியையே மேலே அழுத்திப் பிடிக்கும்படி சுற்றி, நுனியை நறுக்கிவிட்டு, கோலைத்தான் உருட்ட வேண்டும், நூலை அல்ல. முடிவதற்கு ஏழெட்டுச் சுற்றுக்கு முன் மடித்த நூல் கண்ணி ஒன்றை அடியில் வைத்துச் சுற்றிவிட்டு, கடைசியில் நூலை அறுத்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் முனை கட்டுக்கு அடியிலேயே புதைந்துவிடும். புது பிளேடால் ஒட்ட நறுக்கி, கரண்டியின் முதுகால் கட்டைத் தேய்த்தால் இடைவெளிகள் மூடிக்கொள்ளும். முதல் கட்டை நான் நான்கு முறை அவிழ்த்துக் கட்டினேன். ஐந்தாவது முறை நூல் இழைகள் ஒன்றுக்கொன்று ஒட்டி ஒரே நிறப் பட்டையாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது இரவு ஒரு மணி.

நூலில் பட்டா நைலானா என்று ஒரு தேர்வு இருக்கிறது. மூங்கிலுக்குப் பட்டுதான், மெல்லியது, படிந்து உட்காரும். ஆனால் வார்னிஷ் பட்டதும் பட்டு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பித்து நிறம் ஆழமாகிவிடும், வெளிர் நிறப் பட்டு கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும். பழைய கட்டுகளுக்குப் பொருத்த வேண்டும் என்றால் ஒரு குச்சியில் கட்டி வார்னிஷ் தடவிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஃபைபர் கிளாஸுக்கும் கார்பனுக்கும் நைலான் போதும்.

மேல்பூச்சில் உள்ள தேர்வு இன்னும் முக்கியம். படகுக்கு அடிக்கிற எண்ணெய் வார்னிஷ் ஒரு பக்கம், இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸிப் பிசின் இன்னொரு பக்கம். வார்னிஷ் என்றால் மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காய வேண்டும், தூசி விழாமல் காவல் இருக்க வேண்டும். எபாக்ஸி ஒன்றிரண்டு பூச்சில் முடிந்துவிடும், ஆனால் இரண்டு பாகத்தையும் ஊசிக்குழாயால் சரிசமமாக அளந்து கலக்க வேண்டும், கொஞ்சம் பிசகினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கும், பூசிய பிறகு மூன்று நான்கு மணி நேரம் கோல் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தொங்கி உறைந்துவிடும். உறுதியில் எபாக்ஸிதான் மேல். ஆனாலும் மூங்கில் கோலுக்கு நான் வார்னிஷைத்தான் தேர்ந்தெடுப்பேன், காரணம் அடுத்து பழுது பார்ப்பவர். வார்னிஷ் கட்டைப் பிளேடின் முனையால் கீறி அவிழ்த்துவிடலாம். எபாக்ஸியைச் சூடாக்கிச் சுரண்டித்தான் எடுக்க முடியும், வஜ்ஜிரம் உள்ள கோலில் அந்தச் சூடு ஆபத்து. உழைக்கிற ஃபைபர் கிளாஸ் கோலுக்கு எபாக்ஸியே போடுங்கள்.

பிடியின் பள்ளங்களை அடைக்கத் தக்கையைத் தேய்த்த தூளை நீர்புகாத மரப்பசையில் குழைத்து அப்பினால் போதும், காய்ந்ததும் மென்மையான உப்புத்தாள். அழுக்கு மட்டும் என்றால் சோப்பு நீரே எடுத்துவிடும். தக்கை என்பது மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரித்து எடுக்கிற பட்டை, பழைய கோல்களில் இருப்பது பெரும்பாலும் நல்ல தரம், ஆகவே சும்மா மாற்றாதீர்கள்.

மூன்றாவது வழி, முழுவதும் உரித்துப் புதுப்பிப்பது. நான் கெடுத்தது இங்கேதான். ஒரு சாதாரண மூங்கில் கோல், வார்னிஷ் முழுக்க முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது, உரிப்பது என்று முடிவு செய்ததில் தவறில்லை. ஆனால் அவசரத்தில் உப்புத்தாளை எடுத்து அடிப்பகுதியிலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தேன். பிடிக்கு மேலே நான்கு விரல் தள்ளி வார்னிஷுக்கு அடியில் மையால் எழுதிய இரண்டு சின்ன வரிகள் இருந்தன, பழைய கோல்களில் செய்தவர் பெயரோ நீளமோ எண்ணோ அப்படி எழுதப்படுவது வழக்கம். கண்ணில் பட்டபோது பாதி எழுத்து தூளாகக் கையில் இருந்தது. மீதி எழுத்தை இன்றுவரை என்னால் வாசிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு உரிக்கும் முன்பு எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுக்கிறேன், வளையங்களின் இடைவெளியை ஒரு தாளில் அளந்து குறிக்கிறேன், எழுத்துள்ள இடத்தைத் தொடாமல் அதன் மேலேயே புது வார்னிஷ் பூசுகிறேன்.

உரித்தே ஆக வேண்டும் என்றால் பிளேடின் முதுகை நிமிர்த்திப் பிடித்து வார்னிஷை மட்டும் செதில் செதிலாகச் சுரண்ட வேண்டும். பெயிண்ட் நீக்கும் ரசாயனம் எந்தக் கோலிலும் வேண்டாம். மூங்கிலில் பசைக்குள் இறங்கும், ஃபைபர் கிளாஸிலும் கார்பனிலும் நார்களைக் கட்டி வைத்திருக்கும் பிசினையே தாக்கும். வளைவை நிமிர்த்துவதும் இந்தக் கட்டத்தில்தான் செய்யலாம், வளையங்கள் இல்லாதபோது மிதமான சூடு காட்டி, எதிர்ப்பக்கம் லேசாக வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். ஆனால் வஜ்ஜிரம் போட்ட கோல் என்றால் அந்தச் சூடு பிளாச்சுகளைப் பிரித்துவிடக்கூடும், சின்ன வளைவு என்றால் விட்டுவிடுங்கள், மீன் அதைக் கவனிப்பதில்லை.

இந்த வழிக்கு நான் பழுது பார்ப்பதைப்போல ஐந்து மடங்கு நேரம் கணக்கு வைப்பேன். மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்தால் ஒரு மாதத்துக்கு மேல். அப்படியும் இது பொருத்தமான கோல்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து மரப்பெட்டியில் வைத்து ஏராளமாக வந்த மூங்கில் கோல்கள், தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் தள்ளிய மாண்டேகு, ஹாரக்ஸ் இபட்சன் கோல்கள், இவற்றில் அரிய நிலை என்று காக்க வேண்டியது குறைவு, கைபழகுவதற்கு நல்லவை. வெளுத்துப்போன ஃபைபர் கிளாஸ் கோலும் அப்படித்தான். என்னுடைய ஃபைபர் கிளாஸ் கோலில் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஈரமான உப்புத்தாளால் மேல்பூச்சை எடுத்து, மெல்லிய எபாக்ஸி பூசி, வளையம் முழுவதையும் மாற்றினேன், இன்றைக்கும் நான் அதிகம் எடுத்துப்போவது அதைத்தான். அதன் வளைவில் ஒரு சோம்பல் இருக்கிறது, மீன் இழுக்கும்போது பிடிவரைக்கும் வளைந்து கைக்குள் துடிப்பைக் கொண்டுவருகிறது. ஃபைபர் கிளாஸ் கோலுக்குத் துண்டுகள் சேரும் இடத்தில் உலோகம் இல்லாமல் செருகு முளை இருந்தால், பொருத்தியதும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்பதுதான் சரி, இடைவெளி மூடிக்கொண்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்த முளையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் கொஞ்ச காலம் பிடிக்கும்.

கார்பனைப் பற்றிச் சுருக்கமாக. ஒடிந்த நடுத் துண்டுக்குள் குச்சி செருகி ஒட்டி மேலே நூல் சுற்றிக் கட்டினேன், வீட்டில் வளைத்தபோது அருமையாக இருந்தது, மூன்றாவது மீனில் ஒட்டுக்கு ஓரங்குலம் மேலே ஒடிந்தது. ஒட்டிய இடம் விறைத்துவிட்டதால் வளைவெல்லாம் அதன் ஓரத்தில் போய்க் குவிகிறது, அங்கே ஒடிகிறது. கார்பனில் வளையம், நுனி, பிடி மட்டும் மாற்றுங்கள். தண்டில் கீறலோ ஒடிசலோ இருந்தால் அந்தக் கோலை விட்டுவிட்டுப் புதிது வாங்குவதே நல்லது. அப்புறம் ஒரு எச்சரிக்கை, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பிகளுக்கு அடியில் நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது.

கைதேர்ந்தவரிடம் கொடுப்பது எப்போது? இரண்டு நிலைகளில் மட்டும் என்பேன். உலோக இணைப்பு தேய்ந்து புதிதாகப் பொருத்த வேண்டியிருந்தால், அல்லது பிளாச்சு நீளமாகப் பிரிந்திருந்தால். இணைப்பு ஜெர்மன் சில்வரில், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தில், கடைசல் பிடித்து அந்தக் கோலின் தடிமனுக்கே அளவெடுத்துச் செய்ய வேண்டிய பொருள், பழையதைக் கழற்றும் முன் அதில் ஒளிந்திருக்கும் ஊசி போன்ற ஆணியைக் கண்டுபிடித்துத் தட்டி எடுக்க வேண்டும், தெரியாமல் இழுத்தால் மூங்கில் கிழியும். குறடால் நசுக்கி இறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுங்கள், பிடியைத் தேய்க்க வேண்டாம், எழுத்தைத் தொட வேண்டாம், பழைய வளையங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று.

புதுக் கோல் வாங்குவது பழையதைக் கைவிடுவது ஆகாது. கனமான மீனும் கடல் உப்பும் பாறைக் கரையும்தான் உங்கள் மீன்பிடிப்பு என்றால் அதற்குப் புதியதை வாங்கிவிட்டு, பழையதைச் சிறு மீனுக்கும் அமைதியான தண்ணீருக்கும் வைத்துக்கொள்ளலாம். சரிசெய்த பழைய கோலில் கோலை விடப் பலம் குறைந்த நரம்பையே போடுங்கள், சிக்கினால் நரம்பு அறுந்து கோல் பிழைக்கும்.

மாமாவின் கோலுக்கு வருகிறேன். பெயர் எதுவும் இல்லை, வார்னிஷ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, நான் அதை வைத்து மீன்பிடிக்க விரும்புகிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது. ஆகவே பழுது மட்டும். அவிழ்ந்த கட்டும் துருப்பிடித்த இரண்டு வளையங்களும் பட்டு நூலில் புதிதாக, பழைய கட்டுகளின் அதே கரும்பச்சை நிறத்தில். நுனித் துண்டுகள் இரண்டில் அதிகம் வளையாததைப் பயன்படுத்தப் போகிறேன், மற்றது பையிலேயே இருக்கட்டும். நடுத் துண்டில் பிரிந்த இரண்டு அங்குலத்தை மட்டும் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன், பிரிவை விரித்துப் பசை செலுத்தி நூலால் சுற்றி இறுக்கி ஒட்டித் தருவதாகச் சொன்னார். கொடுத்த சீட்டில் முதல் வரியாக, பிடியில் கை வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். நேற்று ராத்திரி இரண்டாவது வளையத்தைக் கட்டி முடித்து முதல் பூச்சு தடவினேன், பட்டின் நிறம் பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு என் கண் முன்னாலேயே இறங்கியது, பக்கத்திலிருந்த பழைய கட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் மூன்று பூச்சு பாக்கி.